புத்தகத்தைத் திறவுங்கோ, மகனே

அன்புள்ள மகனுக்கு,

ஐம்பத்திரண்டு வயதுக்காரரை மகனே என்று கூப்பிடப் பதினாறு வயதுக்காரிக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம், அப்பா. கேட்க முடியாது. நான் பிறந்த நாளிலிருந்து என்னை "அம்மா" என்று கூப்பிடுகிறவர் நீங்கள்தான். "அம்மா, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வாங்கோ", "அம்மா, அந்தப் பாலைக் குடிச்சு முடியுங்கோ" என்று பதினாறு வருடம் கூப்பிட்டுவிட்டு, கடிதம் என்று வந்தவுடன் பின்வாங்கக் கூடாது. அம்மா என்றால் அம்மாதான். ஆனால் "நீ" என்று எழுதிப் பார்த்தேன், பேனை வழுக்குகிறது. அதனால் மகனாக இருந்தாலும் உங்களை "நீங்கள்" என்றே எழுதுகிறேன். உங்களுக்கு வாய்த்த அம்மா மரியாதை தெரிந்தவள்.

நீங்கள் இப்போது றோட்டுக்கு அந்தப் பக்கம், இரண்டாவது மாடியில், எலக்ட்ரீசியன் லைசென்ஸ் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நான் இந்தப் பக்கம் கோப்பிக் கடையில் இருக்கிறேன். வழக்கமாக இது மாறி நடக்கும். தமிழ்ப் பேச்சுப் போட்டி, நீச்சல் பரீட்சை, வயலின் பரீட்சை என்று நான் உள்ளே போவேன். நீங்கள் வெளியே பனியில், எனக்குச் சாப்பிட வாங்கிய ரோல்ஸ் பையோடு நிற்பீர்கள். வெளியே நிற்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் கைத்தொலைபேசி, மணிக்கூடு, வான் சாவி, பணப்பையிலிருந்த அந்தோனியார் படம் எல்லாம் என் மேசையில் இருக்கின்றன. சட்டைப் பையில் இருந்த, வயரில் மின்சாரம் பார்க்கிற டெஸ்டரையும் வாசலில் நின்றவர் எடுத்து என்னிடம் தந்துவிட்டார். டெஸ்டுக்கு டெஸ்டரோடு போன முதல் ஆள் நீங்களாகத்தான் இருக்கும். இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கியதிலிருந்து அம்மா (அசல் அம்மா, உங்கள் மனைவி) மூன்று தடவை தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார்.

"வெளியில வந்திட்டாரோ?"

"இல்லையம்மா. இப்பத்தானே உள்ள போனவர்."

"புத்தகத்தைத் திறந்தவரோ?"

"நான் றோட்டுக்கு இஞ்சால இருக்கிறன். எனக்கெப்பிடித் தெரியும்?"

"சன்னலால எட்டிப் பாரன்."

"அது ரெண்டாம் மாடியம்மா."

"ஏன், உனக்கு ஏறத் தெரியாதே? பள்ளிக்கூடக் கூரையில ஏறி நிண்டவள்தானே."

அந்தக் கூரைக் கதைக்குப் பிறகு வருகிறேன். அம்மா கேட்டாரே, "புத்தகத்தைத் திறந்தவரோ" என்று, அதுதான் இன்றைக்கு எங்கள் வீட்டின் ஒரே கேள்வி. இருபத்திரண்டு வருடமாக, லைசென்ஸ் வைத்திருக்கிற எலக்ட்ரீசியன் மரியதாஸ் அங்கிளின் வேலை வானில் உதவியாளாகப் போய் வருகிறீர்கள். சுவரில் காது வைத்தால் வயர் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடுவீர்கள் என்று அங்கிள் சத்தியம் செய்கிறார். ஆனால் நீங்கள் செய்த வேலைக்கெல்லாம் கையெழுத்து அவருடையது. இந்த வருடக் கடைசியில் அவர் ஓய்வெடுத்துக்கொண்டு அஜக்ஸ் ஊரில் மகள் வீட்டோடு போகிறார். லைசென்ஸ் இருந்தால் வானும் வாடிக்கை வீடுகளும் உங்களுக்கு. இல்லாவிட்டால் இந்த வயதில் இன்னொருவருக்குப் பின்னால் ஏணி தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இது மூன்றாம் தரம். "இதுவும் போனால் இனி எழுதமாட்டன்" என்று போன மாதம் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டீர்கள். அன்றைக்கு யாரும் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொள்ளவில்லை.

முதல் தரம் எழுதியது போன வருடம் இலை கொட்டுகிற நேரம். அதற்கு நாலு மாதம் பாடமாக்கினீர்கள். அந்த மின்விதிப் புத்தகம் ஒரு தலையணை அளவு. முதலாம் பக்கத்திலிருந்து, அடிமட்டம் வைத்து, சிவப்புப் பேனையால் ஒவ்வொரு வரிக்கும் கோடு போட்டீர்கள். அச்சடித்தவர்களின் விலாசத்துக்குக்கூடக் கோடு இருந்தது. காலையில் குளியலறையிலிருந்து எர்த் வயர் விதிகள் ஷவர்த் தண்ணீர்ச் சத்தத்தோடு கலந்து வரும். நானும் அரைகுறையாய்ப் பாடமாக்கிவிட்டேன். பெறுபேறு வந்தபோது நாலு கேள்வியால் போயிருந்தது.

"அந்த நாலையும் புத்தகத்தில தேடிப் பாக்கேல்லையே, அப்பா?"

"எந்தப் புத்தகத்தில?"

"சோதினைக்குள்ள ஒரு புத்தகம் தருவினமே. பாத்து எழுதலாம்தானே."

"ஓம், மேசையில வைச்சிருந்தவை. நான் தொடேல்லை."

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். "ஏனப்பா தொடேல்லை?"

"பாத்து எழுதினால் அது சோதினையே? அது கொப்பி அடிக்கிறது. ஆர் நேர்மை, ஆர் கள்ளன் எண்டு பாக்கத்தான் வைச்சிருக்கினம் எண்டு எனக்கு உடன விளங்கீட்டுது. பக்கத்து மேசைக்காரன் நாலு மணித்தியாலமும் பாத்துப் பாத்து எழுதினவன். நான் கண்டும் காட்டிக் குடுக்கேல்லை. பாவம், பிள்ளைகுட்டிக்காரன் எண்டு விட்டிட்டன்."

மகனே, அன்றைக்கு நானும் அம்மாவும் சிரித்த சிரிப்புக்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அரைவாசி மன்னிப்புத்தான், மற்ற அரைவாசிக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. இரண்டாம் தரம் போனபோது "புத்தகத்தைத் திறவுங்கோ, அது கள்ளமில்லை" என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினோம். திறந்தீர்கள். எங்கிருந்து திறந்தீர்கள்? முன்னுரையிலிருந்து. "தொடக்கத்தில இருந்து வாசிச்சால்தானே விளங்கும், அம்மா" என்றீர்கள். முன்னுரை முடிந்து, அந்தப் புத்தகத்தை எழுதிய குழுவில் இருந்தவர்களின் பெயர்கள் முடிந்து, விதிகளுக்குள் காலெடுத்து வைக்கும்போது அரைவாசி நேரம் போய்விட்டது. அதுவும் பெயில். பாடமாக்கினீர்கள், பாடம் ஆகவில்லை. அங்கேதான் இந்த அம்மா உள்ளே வந்தாள்.

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் ஆங்கில வகுப்புச் சுவரில் ஒரு பெரிய அட்டை தொங்கியது. கதையல்லாத புத்தகங்களை, தகவல் சொல்கிற புத்தகங்களை எப்படி வாசிப்பது என்று அதில் போட்டிருந்தது. முதலில் தலைப்புகளையும் படங்களையும் பார், எனக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேள், வாசித்ததை உன் சொல்லில் சொல், விளங்காவிட்டால் நின்று திரும்பிப் போ, இப்படி. அந்த அட்டையில் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்த ஆந்தைக்கு மீசை வரைந்தது நான். மீசைக்குக் கீழே எழுதியிருந்ததை இரண்டு வருடம் கழித்து மண்டையைப் பிய்த்து ஞாபகப்படுத்த வேண்டி வரும் என்று தெரிந்திருந்தால், மீசையை விட்டுவிட்டு அதை வாசித்திருப்பேன். உங்களுக்குப் படிப்பித்த நேரத்தைப் பள்ளிக்கூடத்தின் சமூகசேவை மணித்தியாலங்களில் சேர்க்கலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். சொந்த வீட்டு ஆட்களுக்குச் செய்வது சேவையில் சேராதாம். உங்களுக்குப் படிப்பித்துப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

தொடக்கத்தில் நான் மோசமான வாத்தி. பாடமாக்க வேண்டாம், விளங்கி வாசியுங்கள் என்று பத்துத் தரம் சொன்னேன். தலையாட்டிவிட்டு மறுபடி அடிமட்டத்தை எடுத்தீர்கள். எனக்குக் கோபம் வந்தால் பகிடிதான் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பொய்ப் பக்கம் செய்தேன். அதே எழுத்து, அதே இலக்கம் போடும் முறை, அதே வறட்டு ஆங்கிலம். "குளியலறையில் விளக்குப் பொருத்துமுன், அவ்வீட்டின் மூத்த பெண்மணியிடம் வாய்மொழி அனுமதி பெறவேண்டும். அவர் நித்திரையில் இருப்பின், எழும்பும்வரை காத்திருக்கவேண்டும்." அதை அச்சடித்து உங்கள் குறிப்புக் கோப்புக்குள் செருகிவிட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால் அதற்கும் சிவப்புக் கோடு. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மரியதாஸ் அங்கிள் தேத்தண்ணி குடிக்க வந்து, "எங்க, குளியலறை விதியளைச் சொல்லு பாப்பம்" என்று கேட்டார். நீங்கள் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் இலக்கத்தோடு சொல்லி, அந்த மூத்த பெண்மணியையும் நித்திரையையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னீர்கள். அங்கிளுக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது. "எடேய், இருவத்திரண்டு வருசமா நாங்கள் ஒருத்தியையும் எழுப்பிக் கேக்கேல்லையே, பொலிஸ் பிடிச்சு மறியலுக்குப் போகப்போறமடா!" என்று மேசையில் அடித்துச் சிரித்தார். நான் செய்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு வானில் ஒரு சாமான் எடுக்க வேண்டும் என்று வெளியே போனீர்கள். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், வரவில்லை.

நான் தேடி வந்தபோது நீங்கள் வானின் முன் சீற்றில் இருந்தீர்கள், கையில் சாமான் ஒன்றும் இல்லை.

"சொறி, அப்பா. சும்மா பகிடிக்குச் செய்தனான்."

"பகிடி நல்லாத்தான் இருந்தது, அம்மா. உள்ள ஏறுங்கோ, குளிருது." கொஞ்சநேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். "ஊரில, சண்டை நேரம், எங்கட வகுப்பில ஒரு விஞ்ஞானப் புத்தகம், பன்னிரண்டு பேருக்கு. ஒருநாளைக்கு ஒராள் கொண்டுபோகலாம். அடுத்தநாள் காலமை மற்றவனிட்டக் குடுத்திட வேணும். திரும்ப வாறதுக்கிடையில எங்க ஓடுவமோ, புத்தகம் எங்க போகுமோ தெரியாது. மண்டைக்குள்ள ஏறினது மட்டும்தான் எங்கட. அது சரியோ பிழையோ எண்டு யோசிக்க ஆருக்கு நேரம் இருந்தது?"

நான் விட்ட பகிடிகளில் நானே சிரிக்காத பகிடி அது ஒன்றுதான். நீங்கள் விளங்காமல் வாசிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வாசிக்கவில்லை, புத்தகத்தை யாரோ வந்து வாங்கிக்கொண்டு போவதற்கு முன்னால் காவிக்கொண்டு ஓடியிருக்கிறீர்கள். ஓடுகிற உங்கள் முதுகைப் பார்த்துவிட்டு ஏன் நின்று வாசிக்கவில்லை என்று கேட்டிருக்கிறேன். ஆகவே மகனே, இந்தக் கடிதத்தில் அம்மா என்ற முறையில் ஒரேயொரு புத்திமதி சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன்: இங்கே புத்தகம் எங்கேயும் போகாது. நாளைக்கும் மேசையில் இருக்கும். பன்னிரண்டாவது ஆள் யாரும் வாசலில் நிற்கவில்லை. ஆறுதலாகத் திறவுங்கோ.

அடுத்த சனிக்கிழமை உங்களோடு வேலைக்கு வருகிறேன் என்று நானாகவே கேட்டேன். குற்றவுணர்ச்சிதான். எங்கள் ஊர் றெக்ஸ்டேலிலேயே ஒரு நிலக்கீழ் வீடு. விளக்கெல்லாம் அணைந்து அணைந்து மினுங்குகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். நீங்கள் உள்ளே போனதும் ஒரு வயரையும் தொடவில்லை. முதலில் வீட்டு மின்சாரமெல்லாம் பிரிகிற பனல் பெட்டியைத் தேடிப் போய்த் திறந்து, எந்த பிரேக்கர் சுவிட்சுக்கு எந்த அறை என்று எழுதியிருந்ததைப் பார்த்தீர்கள். பிறகு வீடு முழுக்க ஒரு நடை. பிறகு வீட்டுக்கார அன்ரியிடம், "எப்ப மினுங்குது? மைக்ரோவேவ் போடேக்கையோ, எப்பவுமோ?" என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு நேராகப் போய் ஒரே ஒரு சுவர்ப் பெட்டியைக் கழற்றினீர்கள். பிழை அதற்குள்தான் இருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே துள்ள வேண்டும்போல் இருந்தது.

"அப்பா, ஏன் நீங்கள் வாசல் பிளக்கில இருந்து தொடங்கி ஒவ்வொண்டாக் கழட்டேல்லை?"

"உனக்கென்ன விசரே? விடியும்வரைக்கும் கழட்டலாம். பனலைப் பாத்தால் வீட்டின்ர அமைப்புத் தெரியும். பிறகு தேவையானதை மட்டும் திறக்கிறது."

"அப்ப ஏன் புத்தகத்தை மட்டும் வாசல் பிளக்கில இருந்து கழட்டுறியள்?"

நீங்கள் திருகாணியைப் பல்லில் கடித்தபடி என்னைப் பார்த்த பார்வையைப் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். அன்றைக்கு வானிலேயே புத்தகத்தை விரித்தோம். பொருளடக்கம்தான் பனல். பின்னால் இருக்கிற சொல் அட்டவணை, எந்த சுவிட்ச் எந்த அறைக்கு என்கிற சீட்டு. தலைப்புகள் அறைக் கதவுகள். நான் மீசை வைத்த ஆந்தை இரண்டு வருடமாகச் சொன்னதை நீங்கள் இருபத்திரண்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தீர்கள். சுவரை வாசிக்கத் தெரிந்தவருக்குக் காகிதத்தை வாசிக்கப் பயமாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்த நாலு மாதம் எங்கள் வீட்டில் ஒரு திருவிழா. சிவப்புப் பேனையை நான் பறித்து ஒளித்துவிட்டு ஒரு பென்சிலைத் தந்தேன். விளங்காத இடத்தில் ஓரத்தில் கேள்விக்குறி போட வேண்டும் என்றேன். முதல் வாரம் ஒரு கேள்விக்குறியும் இல்லை. "எல்லாம் விளங்குதோ?" என்றால், "ஓமோம்." இரண்டாம் வாரம் ஒரு பக்கத்தில் மிக மெல்லிசாக, எறும்பு நடந்ததுபோல் ஒரு கேள்விக்குறி. நான் கை தட்டிய தட்டில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மூன்றாம் வாரம் அந்தப் பக்கங்கள் முழுக்கக் கொக்கிகளாக நின்றன. விளங்கவில்லை என்று சொல்ல ஐம்பத்திரண்டு வயதில் பழகிவிட்டீர்கள். எங்கள் வகுப்பில் பதினாறு வயதிலேயே ஒருவரும் அதைச் சொல்வதில்லை, நான் உட்பட.

ஒவ்வொரு பகுதி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அம்மாவுக்கு உங்கள் சொல்லில் சொல்ல வேண்டும் என்பது அடுத்த விதி. அம்மா கறிக்கு லீக்ஸ் நறுக்கியபடி கேட்பார். அம்மாவுக்கு விளங்கினால் பாஸ், "எனக்கு ஒரு கோதாரியும் விளங்கேல்லை" என்றால் மறுபடி திறக்க வேண்டும். பாடமாக்கியதைச் சொன்னால் அம்மா உடனே பிடித்துவிடுவார். "உது உங்கட கதை இல்லை, உது புத்தகத்தின்ர கதை" என்பார். இதில் எதிர்பாராத விளைவு ஒன்றும் வந்தது. பெரியன்ரி வீட்டுப் புதுக் குசினியைப் பார்க்கப் போன இடத்தில் அம்மா சுவரைப் பார்த்து, "உந்தப் பிளக் தண்ணிக் குழாய்க்கு இவ்வளவு கிட்ட இருக்கு, உதுக்குத் தனிப் பாதுகாப்பு வைச்சதோ?" என்று கேட்க, குசினி கட்டியவர் அம்மாவை இன்ஸ்பெக்டர் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்.

பிறகு வந்தது "ஆனாச் சொல்". விதிப் புத்தகத்தில் ஒரு விதி நேராகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று தவிர, ஒழிய, இல்லாதவிடத்து என்று அர்த்தம் வருகிற ஓர் ஆங்கிலச் சொல் குறுக்கே வந்து எல்லாவற்றையும் திருப்பிவிடும். அதற்கு நாங்கள் இரண்டு பேரும் வைத்த பெயர் ஆனாச் சொல். கண்டால் வட்டம் போட வேண்டும். "கொம்மா கதைக்கிறது முழுக்க ஆனாச் சொல்தான்" என்றீர்கள். உண்மை. "போட்டு வா, ஆனா ஆறு மணிக்கு முதல். சாப்பிடு, ஆனா எனக்கும் வை." அம்மாவோடு இருபது வருடம் குடும்பம் நடத்தியவருக்கு அந்த விதிப் புத்தகம் ஒரு பொருட்டா? அடிக்குறிப்புகளையும் விடக் கூடாது என்று நான் சொன்னதை நீங்கள்தான் அழகாகத் திருப்பிச் சொன்னீர்கள்: "கவனியாமல் விட்டால் அடி விழுற இடம், அதுதான் அடிக்குறிப்பு."

இப்போது கூரைக் கதை. பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வருகிற கடிதம் எதுவானாலும் நான் விரலால் காட்டுகிற இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். ஒன்பது வருடம் அந்த முறை ஒழுங்காக ஓடியது. போன மாசி மாதம் அப்படி ஒன்றை நீட்டினேன். நீங்கள் கண்ணாடியைப் போட்டீர்கள். பென்சிலை எடுத்தீர்கள். தலைப்பைப் பார்த்தீர்கள், தடித்த எழுத்துகளைப் பார்த்தீர்கள், கடைசிவரை ஒரு நடை நடந்தீர்கள். எனக்கு எங்கேயோ வயர் எரிகிற வாசம் வந்தது.

"அம்மா, இது மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போற கடிதம் எண்டு சொன்னனீங்கள்."

"ஓம்..."

"மேல மியூசியம். ஆனா, ரெண்டாம் பந்தியில ஒரு ஆனாச் சொல் இருக்குது. 'கூரையில் ஏறிக் கொடிக்கம்பத்தில் அதிபரின் குடையைக் கட்டிய மாணவியைத் தவிர' எண்டு போட்டிருக்கு. ஆர் அந்தப் பிள்ளை?"

அந்தப் பிள்ளை மியூசியத்துக்குப் போகவில்லை. ஆனால் வட்டம் போட்ட அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறாள். நான் படிப்பித்த மாணவன் முதல் முதலாகப் பிடித்த கள்ளி நான்தான் என்பதில் எனக்குப் பெருமை.

இதோ, எதிர்க் கதவு திறக்கிறது. ஆட்கள் வருகிறார்கள். பிறகு எழுதுகிறேன்.

*

மகனே, மேலே விட்ட இடத்திலிருந்து இரண்டு கிழமை கழித்து, வீட்டு மேசையில் இருந்து முடிக்கிறேன். அன்றைக்கு நீங்கள் றோட்டைக் கடந்து வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதல் வேலையாக டெஸ்டரை வாங்கிச் சட்டைப் பையில் குத்தினீர்கள். திறந்தீர்களா என்று கேட்டேன்.

"திறந்தன். கேள்வியை முதல் வாசிச்சு, பின்னுக்கு இருக்கிற சொல்லட்டவணைக்குப் போய், பிறகு பக்கம். ஒரு கேள்வியில ஆனாச் சொல் ரெண்டு இருந்தது, கள்ளங்கள்." கோப்பியை ஒரு மிடறு குடித்தீர்கள். "பக்கத்து மேசையில ஒரு பெடியன். புத்தகத்தைத் தொடாமல் நேர நிமிர்ந்து இருக்கிறான், என்னைப்போல. 'தம்பி, திறக்கலாம்' எண்டு சொல்ல வேணும் போல இருந்தது. கதைக்கக் கூடாதாம். அதால என்ர புத்தகத்தைப் பெரிசா விரிச்சு, ஒவ்வொரு பக்கத்தையும் சத்தமாத் தட்டினன். நாலாம் தரம் தட்டேக்க திரும்பிப் பாத்தான். பிறகு மெல்லமாத் திறந்தான்."

பெறுபேறு எப்படி வந்தாலும் பரவாயில்லை என்று அந்த நிமிடம் நினைத்தேன். அடுத்த நிமிடமே பரவாயிருக்கிறது என்று நினைத்தேன்.

நேற்று நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது நீங்கள் மேசையில் இருந்தீர்கள். அம்மா வெங்காயம் வெட்டியபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு கடிதம். எடுத்தேன். முதல் வரியில் ஆங்கிலத்தில், "உங்களுக்கு அறிவிப்பதில் வருந்துகிறோம்." அதற்குக் கீழே நான் போகவில்லை. கண்ணீர் வந்து எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது. உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பரவாயில்லை அப்பா, நாலாம் தரம் எழுதலாம், நானே படிப்பிக்கிறன், நீங்கள் மாட்டன் எண்டு சொல்லக் கூடாது என்று மூக்கால் அழுதேன்.

"முழுக்க வாசிச்சனீங்களே, அம்மா?"

"வாசிச்சன்."

"அப்ப பேப்பரைப் பாக்காமல் உங்கட சொல்லில சொல்லுங்கோ பாப்பம்."

"பெயில் எண்டு போட்டிருக்கு."

"அது முதல் வரி. தலைப்பு என்ன? படம் ஒண்டும் இருக்கே?"

வெங்காயம் வெட்டுகிற இடத்திலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. மறுபடி எடுத்தேன். தலைப்பு: "குளியலறை விளக்குகள் சம்பந்தமாக." இரண்டாம் பந்தி: விளக்குப் பொருத்துமுன் அவ்வீட்டின் மூத்த பெண்மணியிடம் வாய்மொழி அனுமதி பெறவேண்டும், அவர் நித்திரையில் இருப்பின் எழும்பும்வரை காத்திருக்கவேண்டும். நானே எழுதிய வரி, ஒரு சொல் பிசகாமல், என் மூக்குக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. அதற்குக் கீழே ஒரு ஆந்தைப் படம், மீசையோடு. "வருந்துகிறோம்" என்ற சொல்லின் தலையில் ஒரு சின்ன நட்சத்திரம். பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில், அடிக்குறிப்பு: "இக்கடிதத்தை எழுதியவர் பரீட்சையில் சித்தியடைந்தவர். அடிவரை வாசியாமல் அழுத பிள்ளைக்காக மட்டும் வருந்துகிறோம்."

அசல் கடிதத்தை நீங்கள் சுவரில் தொங்குகிற பெரிய அந்தோனியார் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்தபோது நான் கத்திய கத்தலுக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைக்கவில்லை. அதற்குப் பழகிவிட்டது. பொய்க் கடிதத்தை மூன்று நாள் இருந்து நீங்களே தட்டச்சுச் செய்தீர்கள் என்று அம்மா சொன்னார். பிழை பார்க்கத் தான் உதவினாராம், ஆனா ஆந்தை மீசை முழுக்க உங்கள் கைவேலையாம். விதிப் புத்தகத்துக்கு முன்னுரையிலிருந்து கோடு போட்டவர், தலைப்பும் படமும் அடிக்குறிப்புமாக ஒரு முழுப் பக்கத்தை ஆங்கிலத்தில் எழுதி, ஆந்தைக்கு மீசை வைத்த வாத்தியையே ஏமாற்றிப் பேய்க்காட்டிவிட்டார். இதற்கு மேல் படிப்பிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

இன்று சனிக்கிழமை. பத்து மணிக்கு எழும்பி அறைக் கதவைத் திறந்தால், நீங்கள் வெளியே கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். மடியில் ஒரு புது விளக்கு, குளியலறைக்கு. உங்கள் சொந்தக் கையெழுத்தில் நடக்கப்போகிற முதல் வேலை.

"என்னப்பா, எவ்வளவு நேரமா இருக்கிறியள்?"

"எட்டரையில இருந்து. நித்திரை எண்டால் எழும்பும்வரை காத்திருக்க வேணும் எண்டு விதி இருக்குது. முதல் கொம்மாவிட்டத்தான் அனுமதி கேட்டனான். 'என்னட்ட ஏன் கேக்கிறியள், உங்கட அம்மாவிட்டப் போய்க் கேளுங்கோ' எண்டு சொல்லிப்போட்டா."

வாய்மொழி போதாது. கீழே போய்த் தேத்தண்ணி குடியுங்கள், பதில் எழுத்தில் வரும் என்று அனுப்பிவிட்டு, இந்தக் கடைசிப் பந்தியை எழுதுகிறேன். இதை நான்காக மடித்து, அந்த விளக்குப் பெட்டிக்குள் வைக்கப்போகிறேன். தலைப்பிலிருந்து அடிவரை வாசியுங்கள்.

விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. விளக்கைப் பொருத்தலாம். ஆனா, பிரேக்கரை அணைத்த பிறகு.

அம்மா